குமாஸ்தாவின் குறிப்பேடு: இரண்டு ஆண்டுத் தண்டனை

சென்ற திங்கள் இரண்டாம் ஞாயிறன்று நமது சங்கத்தின் வாசகர் வட்டம் கூடியிருந்தபோது, நிகழ்ச்சி நிரலில் இல்லாத விவாதம் ஒன்று எழுந்து, ஊற்றி வைத்த காப்பி ஆறிப்போகும் அளவுக்கு நீண்டது. செய்தித்தாள்களில் அடிபட்ட ஒரு கொலை வழக்கின் தீர்ப்பில் தொடங்கிய பேச்சு, போபாலில் எந்தப் பேச்சும் கடைசியில் போய்ச் சேரும் இடத்தையே அடைந்தது. யூனியன் கார்பைடு வழக்கைத்தான் சொல்கிறேன். பெல் தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் மேசையைத் தட்டி, "ஆயிரமாயிரம் பேர் மாண்டதற்கு இரண்டே ஆண்டுத் தண்டனையா? அதுவும் அன்றைக்கே ஜாமீனா? அந்த மாஜிஸ்திரேட்டை என்னவென்று சொல்வது?" என்று முழங்கினார். அவையோர் பலரும் தலையசைத்தனர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, கண்ணகி மதுரையில் நீதி கேட்ட கதையை நினைவூட்டினார். பணமுள்ளவன் பக்கம் தராசு சாய்வது புதிதன்று என்பதே அன்றைய கூட்டத்தின் முடிவாயிற்று.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியே வந்ததும் நமது செயலாளர், "என்ன ஐயா, வாய்க்குப் பூட்டா?" என்று கேட்டார். தெருவில் நின்று சொல்லி முடிக்கத்தக்க விடையன்று அது. ஆகவே இம்மாதக் குறிப்பேட்டை அதற்கே ஒதுக்குகிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

2010 ஜூன் 7ஆம் நாள் அத்தீர்ப்பு வந்தபோது எனக்கு வயது இருபது. விழுப்புரத்துக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயின் கடைநிலைப் பணிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிற்று. கடையிலிருந்தோர் அனைவரும் அந்த மாஜிஸ்திரேட்டை வைதனர், நானும் வைதேன். என் தந்தையார் மட்டும் வையவில்லை. "எந்தப் பிரிவாம்?" என்று கேட்டார். "முந்நூற்று நான்கு ஏ என்று சொன்னார்கள் அப்பா" என்றேன். "அப்படியானால் அவர் கொடுத்ததுதான் உச்சம். அதற்குமேல் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லையே" என்று கூறிவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்து எழுந்து போய்விட்டார்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் ஒரு மனிதருக்குச் சட்டப் பிரிவின் எண் மனப்பாடமாயிருந்த காரணத்தை ஊரார் அறிவர். அவர் ரயில்வே கேட் காவலராயிருந்தவர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில், ஒரு மார்கழி விடியற்காலையில், காய்ச்சலோடு இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தவர் சற்றே கண்ணயர்ந்துவிட்டார். கேட் திறந்தபடி கிடந்தது. பால் ஏற்றிச் சென்ற சைக்கிள்காரர் ஒருவர் சரக்கு வண்டியில் அடிபட்டு மாண்டார். தந்தையார் யாரிடமும் எதையும் மறுக்கவில்லை. "தூங்கியது நான்தான்" என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார். ஓராண்டு விதித்தார்கள், மேல்முறையீட்டில் ஆறு மாதமாகக் குறைந்தது. அதைக் கழித்து வந்தார், வேலையும் போயிற்று. இறந்தவர் வீட்டு வாசலை மிதிக்கும் துணிவு அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு, கொலை நோக்கமின்றி அசட்டையினாலோ பதற்றத்தினாலோ பிறர் மரணத்துக்குக் காரணமாவோரைப் பற்றியது. அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாலையில் ஆளை அடித்துவிட்ட லாரி ஓட்டிமீதும், கேட்டைச் சாத்தாத காவலர்மீதும் போடப்பட்டு வந்த பிரிவு அது. (2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 106ஆம் பிரிவாகி, பொதுவாக ஐந்தாண்டுவரை விதிக்க இடமுண்டாயிற்று. பழைய குற்றங்களுக்கு அது செல்லாது.) ஆக, சட்டத்தின் கண்ணுக்கு என் தந்தையாரும் கார்பைடு கம்பெனியின் மேலதிகாரிகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். என் வாய்க்குப் பூட்டுப் போட்டது இதுதான்.

அந்தப் பெஞ்சுக்கு அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை, நமது சங்கத்து வழக்கறிஞர் அன்பர் ஒருவரிடம் நாலைந்து மாலைப்பொழுதுகளில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

விபத்தின் விவரம் இவ்வூரில் வாழும் நமக்குப் புதிதன்று எனினும், பிள்ளைகளுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 1984 டிசம்பர் 2ஆம் நாள் ஞாயிறு நள்ளிரவில், செவின் என்னும் பூச்சிமருந்து செய்துவந்த தொழிற்சாலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. தண்ணீர் பட்டதும் அத்திரவம் கொதித்து, நச்சுவாயுவாக வெளியேறிற்று. திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய உயர்ந்த குழாய், பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. காற்று பழைய நகரத்தின் பக்கம் வீசிற்று. ரயில் நிலையமும் அதன் வழியில் அகப்பட்டது. நகரின் 56 வார்டுகளில் 36 பாதிக்கப்பட்டவை என்று அரசாங்கம் பின்னர் அறிவித்தது. இறந்தோர் தொகை 5,295 என்பது 2010இல் மத்திய அரசு உச்சநீதிமன்றத்தில் கூறிய கணக்கு. பாதிக்கப்பட்டோர் சங்கங்கள் கூறும் தொகை அதனினும் பன்மடங்கு. அதிருப்தியுற்ற தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே தண்ணீரைப் புகுத்தினார் என்பது அமெரிக்கக் கம்பெனியின் வாதம். அப்படியே வைத்துக்கொண்டாலும், குளிர் இயந்திரத்தை நிறுத்தியவர் அந்தத் தொழிலாளி அல்லர்.

1987 டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அமெரிக்கக் கம்பெனி, அதன் ஹாங்காங் கிளைக் கம்பெனி, இந்தியக் கம்பெனி, அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன், இந்திய அதிகாரிகள் எண்மர் எனப் பன்னிருவர் மீது வழக்கு. அப்போது போடப்பட்டது 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி. அதற்குப் பத்தாண்டுவரை சிறை உண்டு. இரு பிரிவுகளுக்கும் இடையேயுள்ள தூரம் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது: தெரியும் என்பது. "இதனால் மரணம் நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தான்" என்று காட்டினால் பத்தாண்டு. "கவனிக்காமல் விட்டான்" என்றால் இரண்டாண்டு.

தெரியுமா, தெரியாதா? 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி மாண்டார். 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பெனியின் சொந்த நிபுணர்களே ஆலையைச் சோதித்துக் குறைகளை எழுதிக் கொடுத்தனர். அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், இந்த நகரம் எரிமலையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது என்ற பொருள்படக் கட்டுரைகள் எழுதினார். அவருக்குத் தெரிந்தது ஆலையின் அதிகாரிகளுக்குத் தெரியாமலிருக்குமா என்று நம்மைப்போன்றோர் கேட்போம். ஆனால் 1996 செப்டம்பர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம், தன்முன் வைக்கப்பட்ட ஆவணங்களை முழுதும் ஏற்றுக்கொண்டாலும், அந்த இரவில் அந்த ஆலையை நடத்துவது உயிர்ச்சேதம் விளைவிக்கும் என்று இக்குற்றவாளிகள் அறிந்திருந்தனர் என்பதற்கு முதல்நோக்கிலேனும் சான்றில்லை எனக் கூறி, இந்தியக் குற்றவாளிகள் மீதான பிரிவை 304ஏ ஆக்கிவிட்டது. அந்த முடிவு தவறென்று கருதும் சட்ட வல்லுநர் பலர் உளர். எனக்கும் அது மனம் ஒப்பவில்லை. ஆயினும் அது மறைவில் நடந்ததன்று. பட்டப்பகலில், காரணம் எழுதப்பட்ட தீர்ப்பாக வெளிவந்தது.

பத்தாண்டு இரண்டாண்டு ஆனது அந்த வெள்ளிக்கிழமையன்றுதான். 2010இல் போபால் மாஜிஸ்திரேட்டின் கையில் இருந்தது அரைக்கால் படி அளவை. அவர் அதை நிரப்பியே அளந்தார். உயிரோடிருந்த ஏழு பேருக்குத் தலா இரண்டாண்டும் ஒரு லட்சத்துச் சொச்சம் அபராதமும் விதித்தார். எட்டாமவர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். கம்பெனிக்கு ஐந்து லட்சத்துச் சொச்சம். ஜாமீனில் விடத்தக்க பிரிவாகையால் ஜாமீனும் அன்றே கிடைத்தது. நாடு முழுதும் கொதித்தெழுந்தது அந்த ஜூன் மாதத்தில். டில்லியில் அமைச்சர் குழு கூடிற்று. அத்தனை கோபத்தில் பத்தில் ஒரு பங்கு 1996 செப்டம்பரில் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! எழவே இல்லை என்று சொன்னால் அநியாயம். வாரந்தோறும் சனிக்கிழமை ஷாஜஹானி பூங்காவில் கூடிய பாதிக்கப்பட்ட பெண்களும், அவர்களை ஒன்றுதிரட்டிய அப்துல் ஜப்பாரும் (அவர் 2019இல் காலமானார்) அன்றும் குரல் கொடுத்தனர். அக்குரல் பழைய நகரத்தைத் தாண்டி, பெல் குடியிருப்பில் வாழும் நம் வீடுகளுக்குக்கூட வந்து சேரவில்லை. காற்றின் திசையால் தப்பிய பகுதியல்லவா நம்முடையது.

இன்னொன்றும் கேளுங்கள். 2010 தீர்ப்புக்குப் பிறகு விழித்துக்கொண்ட புலனாய்வுத் துறை, 1996 முடிவைத் திருத்தவேண்டும் என்று உச்சநீதிமன்றத்தை அணுகியது. 2011 மே 11ஆம் நாள் அம்மனு தள்ளுபடியாயிற்று. 14 ஆண்டு ஏன் சும்மா இருந்தீர்கள் என்பதற்குத் தக்க விளக்கம் இல்லை என்றது நீதிமன்றம். அத்துடன், 1996 தீர்ப்பு விசாரணை நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிட்டதாகக் கொண்டதே பிழை. விசாரணையில் போதிய சான்று வெளிப்பட்டிருந்தால் சட்டப்படி பெரிய பிரிவுக்கு மாற்றும் அதிகாரம் அங்கேயே இருந்தது என்றும் தெளிவுபடுத்தியது. பூட்டியிருக்கிறது என்று எண்ணி எவரும் தள்ளிப் பார்க்காத கதவு அது. அலுவலகத்தில் கோப்புகளோடு உழலும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. "மேலிடத்தில் முடிந்த விஷயம்" என்று மேலுறையில் ஒருவர் எழுதிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறதென்று அடுத்த பத்தாண்டுக்கு யாரும் பிரித்துப் பாரார்.

இனிக் கம்பெனியைப் பற்றி. நம் இளைஞர் அன்பர் "பணம் பேசிற்று" என்றார். கையூட்டு நடந்தது என்று சொல்ல என்னிடம் சான்றில்லை, சான்றில்லாததை எழுதுவதற்கில்லை. பெரிய கம்பெனிக்குக் கையூட்டைக் காட்டிலும் வலிய வசதி ஒன்றுண்டு. என் தந்தையாருக்கு ஒரே பெயர், ஒரே விலாசம். சம்மன் கொண்டுவந்த சேவகர் கேட்கொட்டகையில் அவரைக் கண்டு கையில் கொடுத்துவிட்டுப் போனார். கார்பைடுக்கு எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தியக் கம்பெனியின் பங்குகளில் 50.9 சதவீதம் அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம் இருந்தது. லாபம் போகும்போது அது தாய். வழக்கு வரும்போது, இந்தியக் கம்பெனி தனி ஆள், நாங்கள் தூரத்துப் பங்குதாரர் என்று வாதம். 1994இல் அந்தப் பங்குகள் கல்கத்தாவின் மெக்லாய்ட் ரசல் கம்பெனிக்கு விற்கப்பட்டன. (விற்பனைத் தொகையைக் கொண்டு போபாலில் மருத்துவமனை கட்டப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) இந்தியக் கம்பெனி எவரெடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆம், நாம் டார்ச்சு விளக்கில் போடும் அதே எவரெடி. 2001இல் அமெரிக்கத் தாய், அதனினும் பெரிய டௌ கெமிக்கலுக்குள் அடங்கிற்று. அந்த டௌ, 2017இல் டூபான்ட்டுடன் சேர்ந்து, 2019இல் மறுபடி பிரிந்தது. ஆலையை ஒருநாளும் நாங்கள் நடத்தியதில்லை என்பது டௌவின் நிலை. போபால் நீதிமன்றம் பல ஆண்டுகளாக அழைத்தும், 2023இல்தான் அதன் வழக்கறிஞர்கள் வந்து, இந்நீதிமன்றத்துக்கு எங்கள்மேல் அதிகாரமில்லை என்று வாதிட்டனர்.

ஆண்டர்சனாவது மனிதர். 1984 டிசம்பர் 7ஆம் நாள் போபாலுக்கு வந்து, கைதாகி, அன்றே ஜாமீனில் விடுபட்டு, அரசாங்க விமானத்திலேயே டில்லிக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் இந்த மண்ணை மிதிக்கவில்லை. 1992இல் நீதிமன்றம் அவரைத் தலைமறைவானவர் என்று அறிவித்தது. அவரை ஒப்படைக்கும்படி இந்தியா கேட்டதை 2004இல் அமெரிக்கா மறுத்தது. 2014இல் முதுமையால் மாண்டார். கம்பெனிக்கு முதுமையும் இல்லை, மரணமும் இல்லை. அதனால் காத்திருக்க முடிகிறது.

நஷ்டஈட்டிலும் அப்படியே. அரசாங்கம் கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு, நம் பணத்தில் 700 கோடிக்குச் சற்று மேல், உச்சநீதிமன்றத்தில் சமரசம் ஆயிற்று. குற்ற வழக்குகளும் கைவிடப்பட்டன. 1991இல்தான் அவ்வழக்குகளுக்கு மறுபடி உயிர் வந்தது. இதே உச்சநீதிமன்றம், டில்லியில் ஸ்ரீராம் ஆலையில் நேர்ந்த வாயுக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு நஷ்டஈடும் பெரிதாகவேண்டும் என்று 1986 டிசம்பரில் கூறியிருந்தது. அந்த அளவுகோல் போபாலுக்கு எடுக்கப்படவில்லை. கூடுதல் தொகை கேட்ட மத்திய அரசின் மனுவும் 2023 மார்ச் 14ஆம் நாள் தள்ளுபடியாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரரை நான் சாச்சா என்று அழைப்பேன். அந்நாளில் போபால் நிலையத்தில் சிவப்புச் சட்டை போட்ட சுமைதூக்கும் தொழிலாளி. அப்போது வயது இருபத்து நான்கு. அந்த இரவில் நிலையத்தில் இருந்தவர். துணை நிலைய அதிகாரி குலாம் தஸ்தகீர், நேரமாகுமுன்பே ஒரு பயணிகள் வண்டியைத் தம் பொறுப்பில் கிளப்பிவிட்டதையும், இருபக்கத்து நிலையங்களுக்கும் போபாலுக்கு வண்டி விடாதீர்கள் என்று செய்தி அனுப்பியதையும் பத்திரிகைகளில் அன்பர்கள் படித்திருப்பீர்கள். அவர் 2003இல் காலமானார். சாச்சா அவரைப்பற்றிப் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார். "மிளகாய் வற்றல் மூட்டையை யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று நினைத்தோம், பேட்டா" என்பார். பிறகு இருமல் வந்துவிடும். மீதியை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அவருக்குக் கிடைத்தது முதலில் 25,000 ரூபாய். அதிலிருந்து, முன்பு மாதம் 200 ரூபாய் வீதம் கொடுத்த இடைக்கால உதவியைக் கழித்துக்கொண்டார்கள். பல ஆண்டு கழித்து இன்னுமொரு 25,000. ரசீதுகளையெல்லாம் பிஸ்கட்டு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார். 2010 ஜூன் 7ஆம் நாள் நீதிமன்ற வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர்.

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தை அவரிடம் கூறி, "இரண்டு ஆண்டு போதுமா சாச்சா?" என்று கேட்டேன். கட்டிலில் சாய்ந்தபடி வெகுநேரம் பேசாதிருந்தார்.

"யாருக்கு எத்தனை ஆண்டு என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குளிர் மிஷினை நிறுத்தலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருப்பார்கள் அல்லவா? நீ ஆபீசில் இருப்பவன், உனக்குத் தெரியும், காகிதமில்லாமல் ஒன்றும் நிற்காது. அதில் யார் கையெழுத்து, எத்தனை ரூபாய் மிச்சமாகுமென்று எழுதியிருந்தது, இதை எவராவது எனக்குப் படித்துக் காட்டினார்களா? நாற்பது வருஷத்தில் ஒருவரும் படித்துக் காட்டவில்லை" என்றார்.

அப்படிப்பட்ட காகிதம் வழக்குக் கட்டில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் அன்பரைக் கேட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். இதற்கிடையில் 1996 தீர்ப்பின் பிரதி ஒன்றை அச்செடுத்து வைத்திருக்கிறேன். சட்ட ஆங்கிலம், என் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. வரும் இரண்டாம் ஞாயிறன்று வாசகர் வட்டம் முடிந்தபின், ஆங்கிலம் நன்கறிந்த அன்பர் ஒருவர் அரைமணி உடனிருந்து வரிவரியாகத் தமிழில் சொன்னால் நான் எழுதிக்கொள்வேன். மேசையைத் தட்டிய இளைஞர் அன்பரே முன்வந்தால் மிக்க மகிழ்ச்சி. சாச்சாவையும் அழைத்து வருகிறேன். அவருக்காக அதை இந்தியிலும் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கும். மாடிப்படி ஏற அவரால் முடியாது. ஆகையால் கூட்டத்தைக் கீழ்த்தளத்து அறையில் வைத்துக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டிக்கொள்கிறேன்.